மலையூரில் அடித்த ஹாரன்

துபாயில் டீ குடிக்க நாங்கள் காரைவிட்டு இறங்குவதில்லை. கடை வாசலில் ஹாரன் அடித்தால் டீ காருக்கே வந்துவிடும். அந்தப் பழக்கம் என்னோடு இத்தாலிக்கும் வந்துவிட்டது.

லீவில் தெற்கு இத்தாலியின் மலையுச்சியில் இருக்கும் ஒரு பழைய ஊருக்குப் போயிருந்தோம். வளைந்து வளைந்து ஏறியதில் மகள் காரிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். கையில் தண்ணீரும் இல்லை. மதிய நேரம். பூட்டியிருந்த காபிக்கடை ஒன்றின் முன் நிறுத்தி, விடாமல் ஹாரன் அடித்தேன்.

“என்னங்க, ஊரே தூங்குது!” என்று மனைவி என் கையைப் பிடிப்பதற்குள் மாடி ஜன்னல்கள் திறந்தன. பனியனோடு ஒருவர் இறங்கி வந்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவரோ பின்சீட்டில் துவண்டு கிடந்த மகளைப் பார்த்தார். உடனே கடையைத் திறந்து தண்ணீரும் நறுக்கிய எலுமிச்சையும் கொண்டுவந்தார். அசிங்கமான சீட்டையும் அவரே துடைத்தார். அவர் மொழி தெரியாமல் கும்பிட்டேன். ஹாரனைக் காட்டி, உதட்டில் விரல் வைத்துச் சிரித்தார்.

துபாய் திரும்பியதும், வழக்கமான டீக்கடைக்குள் முதல்முறையாக இறங்கிப் போனேன். டீ கொண்டுவரும் மலையாளி பதறிவிட்டார். “என்ன சாரே, ஹாரன் ரிப்பேரா?”

“ஹாரன் நல்லாத்தான் இருக்கு சேட்டா. இந்த வெயில்ல எத்தனை வருஷம்தான் நீங்களே வந்துட்டிருப்பீங்க?”