நாய் இல்லாமல் தேர்வு எழுத வந்த ஸ்டெல்லா

ஞாயிற்றுக்கிழமை காலை, ஏனாத்தூரைத் தாண்டி இருக்கும் நம் நாய்ப் பயிற்சிக் குழுவின் மைதானத்தில் நாய்களை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லாவின் தம்பி போன் செய்தார். “அக்கா போயிட்டாங்கக்கா. இப்பதான்,” என்றார். என் முகத்தைப் பார்த்ததும் நிசார் பாய் புரிந்துகொண்டார். இறக்கிய நாய்களை ஒவ்வொன்றாகத் திரும்ப வண்டியில் ஏற்றத் தொடங்கினார். அன்று பயிற்சி நடக்கவில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஸ்டெல்லாவை அவ்வளவாகத் தெரிந்திருக்காது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தார். ஜூலி என்ற ஜெர்மன் ஷெப்பர்டு நாயோடு நம்மிடம் வந்தார். கூரம் பக்கம் அறுவடை முடிந்த வயல்களில் மோப்பப் பயிற்சிக்குப் போகும்போது, ஜூலி முகர்ந்துகொண்டே முன்னால் நடக்க, பெல்ட்டைத் தளர்வாகப் பிடித்தபடி பின்னால் வருவார். நாங்கள் எல்லாம் நாயோடு ஓயாமல் பேசுவோம். அவர் பேசவே மாட்டார்.

நம் ஊரில் முதல்முறை ட்ரயல் என்ற நாய்த் திறன் போட்டியை நடத்த முடிவானபோது, ஒரு விதி எல்லோருக்கும் எரிச்சலூட்டியது. நாயை மைதானத்தில் இறக்குவதற்கு முன் அதை நடத்துபவர் ஓர் எழுத்துத் தேர்வில் தேற வேண்டும். போட்டி விதிகள், நாயின் உடல்நலம், பொது இடத்தில் நாயைக் கொண்டுபோகும் முறை, இவற்றில் கேள்விகள் வரும். பெரும்பாலும் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது. கடைசியில் மட்டும் சில வரிகள் எழுத வேண்டும். ஜரிகை வியாபாரம் செய்யும் நிசார் பாய்தான் அதிகம் கோபப்பட்டார். “நாய்க்குத்தான டெஸ்ட்டு. எனக்கு இன்னாத்துக்குமா?”

“நாய் ஒழுங்காத்தான் இருக்குது பாய்,” என்றார் ஸ்டெல்லா. “நம்மளத்தான் பாக்கணும்.”

வினாத்தாள் ஆங்கிலத்தில் வந்தது. அதைத் தமிழில் எழுதித் தந்தவர் ஸ்டெல்லா. நாயை நடத்துபவர் என்று வர வேண்டிய இடத்தில் எல்லாம் ‘நாய்க்குப் பொறுப்பானவர்’ என்று எழுதியிருந்தார். சென்னையிலிருந்து வந்த நடுவர், ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்டார். “பொறுப்புன்ற வார்த்த இல்லாம அந்த ஆள எப்டி சார் எழுதுறது?” என்றார் ஸ்டெல்லா. நடுவர் அதை அப்படியே விட்டுவிட்டார்.

ட்ரயலுக்கு முந்தைய வாரம் ஜூலி இறந்துபோனாள். உண்ணிக் காய்ச்சல். சாப்பிடாமல் படுத்திருந்ததை வெயிலின் சோர்வு என்று நினைத்துவிட்டார் ஸ்டெல்லா. மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனபோது ரத்தத்தில் அணுக்களே மிச்சமில்லை. நாள் முழுக்க அடுத்தவர்களின் ரத்தத்தைப் பார்க்கிறவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று இப்போதும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

தேர்வு நடந்த மாலை அவர் வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வந்து, கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போய், “எதுக்கு ஸ்டெல்லா, வீட்ல இருக்கக் கூடாதா?” என்றேன்.

“படிச்சிட்டேனேக்கா,” என்றார்.

கடைசிக் கேள்வி உண்ணிக் காய்ச்சலின் அறிகுறிகளைப் பற்றியது. அவரே தமிழாக்கிய கேள்வி. சோர்வு, பசியின்மை, காய்ச்சல், ஈறுகள் வெளுத்துப்போவது என்று எழுதிவிட்டு, அதன் கீழே ‘இது தெரிந்தும் நான் தாமதித்துவிட்டேன்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தார். நடுவர் தாளைத் திருத்தித் தரும்போது, “கேட்டதுக்கு மட்டும் பதில் எழுதினாப் போதும்மா,” என்று மெல்லச் சொன்னார். ஸ்டெல்லா தலையசைத்தார். தேர்ச்சி பெற்றிருந்தார்.

மறுநாள் காலை ட்ரயல். நிசார் பாய் தன் நாய் சுல்தானோடு தயாராக நின்றார். மனைவி, பிள்ளைகள், கடை ஆட்கள் எல்லோரும் பார்க்க வந்திருந்தார்கள். அந்த வழியாகப் போன ஸ்டெல்லா நின்றார். குனிந்து சுல்தானின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தார்.

“பாய், இவன இறக்காதீங்க. ஈறு வெளுத்துக்கினு வருது.”

“நல்லாத்தாமா இருக்குறான்.”

“நேத்து எழுதினீங்க இல்ல? எழுதினத இப்ப செய்ங்க.”

நிசார் பாயின் முகம் சிவந்தது. “உன் நாய் செத்துப்போச்சுன்னு என் நாயையும் நிறுத்தப் பாக்குறியா?” என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டார்.

ஸ்டெல்லா அழுதுவிடுவார் என்று நினைத்தேன்.

“ஆமா பாய்,” என்றார். “அதுக்குத்தான்.”

தன் பெயரை அழைத்தபோது நிசார் பாய் போகவில்லை. சுல்தானை வண்டியில் ஏற்றி நேராக மருத்துவரிடம் கொண்டுபோனார். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்ததால் பிழைத்துக்கொண்டான். மருந்து தொடங்கிய அன்று மாலையே பாயும் அவர் மனைவியும் ஸ்டெல்லாவின் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். என்ன பேசினார்கள் என்று மூவருமே யாரிடமும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு பெருநாள் பிரியாணி அந்த வீட்டுக்குத் தவறியதில்லை.

ஸ்டெல்லா வேறு நாய் வளர்க்கவில்லை. நாங்கள் குட்டி கொண்டுவந்து தருகிறோம் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தோம். “வேணாங்க்கா,” என்பதோடு நிறுத்திக்கொள்வார். ஆனாலும் ஒவ்வொரு ட்ரயலுக்கும் எழுத்துத் தேர்வை நடத்தியவர் அவர்தான். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் தொடங்கிய பிறகும், வீங்கிய கையில் வினாத்தாள்களைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

கடைசியாக மருத்துவமனையில் பார்த்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. நம்மில் எழுதப் படிக்க வராதவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கு வினாத்தாளை ஸ்டெல்லாதான் வாசித்துக் காட்டுவார். அதைத்தான் கேட்டார்.

“இந்த வாட்டி யார்க்கா படிச்சுக் காட்டுவாங்க?”

“நான் படிக்கிறேன்.”

“விடைய எல்லாம் ஒரே மாதிரி படிங்க. சரியானத அழுத்திப் படிச்சிடாதீங்க. அவங்களா யோசிக்கட்டும்.”

அடக்கம் முடிந்து வீடு திரும்பிய அன்றே வாசித்துப் பழகிப் பார்த்தேன். சரியான விடை வரும் இடத்தில் என் குரல் தானாகவே உயர்ந்துவிடுகிறது. எதிரில் இருப்பவர் எப்படியாவது தேறிவிட வேண்டும் என்ற ஆசைதான். ஸ்டெல்லாவுக்கும் அந்த ஆசை இல்லாமலா இருந்திருக்கும்? ஆனால் அவர் குரல் ஒருபோதும் உயர்ந்ததில்லை. கேட்பவர் தானே கண்டுபிடிக்கும்வரை காத்திருக்கும் குரல் அது. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அதுதான். இன்னும் அது எனக்கு வரவில்லை. ட்ரயலுக்குள் வந்துவிட வேண்டும்.