பதினேழா, பதினெட்டா

அரசு மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவரை எல்லோரும் லேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைவிட ஆறு வயது மூத்த வார்டு ஆயாவுக்கும் அவர் அக்காதான். இருபத்தெட்டு வருடமாக ஊசி குத்துகிறார். காலை எட்டு மணிக்கு வரிசையில் முதல் ஆள் கையை நீட்டினால், மதியம் ஒன்றரைக்குக் கடைசி ஆள் கையை மடக்கும்வரை அவருக்கு நிமிர நேரமிருக்காது. அதற்குள் தோள்பட்டை விட்டுப்போய்விடும்.

இணையத்தில் அவருக்கு வேறு பெயர். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதையும் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற கலைக்களஞ்சியத் தளம் ஒன்றில் அவர் பெயர் நுண்ணோக்கி. அங்கே எழுதுகிறவர்கள் எல்லோரும் இப்படிப் புனைபெயரில்தான் நடமாடுவார்கள். முகம் தெரியாது, வயது தெரியாது. எழுதுவதை வைத்துத்தான் ஆளை எடைபோட வேண்டும். விடிந்ததும் டீயோடு ஒரு மணி நேரம், மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு அரை மணி நேரம் என்று பதினோரு வருடம் அதில் உழைத்திருந்தார். சம்பளம் கிடையாது, பாராட்டு கிடையாது. திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

கணவர் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் ஸ்டியரிங்கைப் பிடிக்க, பக்கத்தில் உட்கார்ந்து பயந்து பழகியவர். அவருக்கு இந்த வேலை பிடிபடவே இல்லை.

"ஏம்மா, ரோட்டுல போற சண்டையைக் காசு கொடுக்காம வாங்கி வீட்டுக்குள்ள வெச்சுக்கிறியே, உனக்கே நியாயமா படுதா?" என்பார்.

"யாராவது பார்க்கணும்ல? இல்லன்னா ஆளுக்கு ஒண்ணு எழுதிட்டுப் போயிடுவாங்க."

"போனா போகட்டுமே!"

அக்கா டீயை எடுத்துக்கொண்டு கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார். வாதாடத் தெம்பிருக்காது என்பதுதான் உண்மை. முதல் இரண்டு வருடம் இருந்த உற்சாகம் எப்போதோ வடிந்துவிட்டது. ஆயிரத்துச் சொச்சம் கட்டுரைகள் அவருடைய கவனிப்புப் பட்டியலில் இருந்தன. எதிலாவது யாராவது கைவைத்தால் உடனே தெரிந்துவிடும். விளையாட்டுக்குக் கிறுக்குகிறவன், தன் கடைக்கு விளம்பரம் சேர்க்கிறவன், தலைவருக்கு இல்லாத பட்டம் கொடுக்கிறவன். தினமும் குப்பையைக் கூட்டுவதுபோல அவர்கள் எழுதியதைக் கூட்டித் தள்ளுவார்.

அப்படி ஒரு காலையில்தான் நடைபாலக் கட்டுரை கண்ணில் பட்டது.

பக்கத்து நகரம் ஒன்றின் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஆற்றைக் கடக்க ஓர் இரும்பு நடைபாலம் இருந்தது. இருபத்தாறு வருடத்துக்கு முன் வேலைக்குப் போகும் கூட்டத்தோடு அது அறுந்து விழுந்தது. அந்தக் கட்டுரையை எழுதியவரே அக்காதான். ஒன்பது வருடத்துக்கு முன், நூலகத்தில் பழைய நாளிதழ்களைப் புரட்டி எழுதியது. "பதினேழு பேர் இறந்தனர்" என்ற வரிக்கு, விபத்து நடந்த மூன்றாம் நாள் செய்தியை மேற்கோள் காட்டியிருந்தார்.

மரங்கொத்தி என்ற புது ஆள் ஒருவர் அந்தப் பதினேழைப் பதினெட்டு ஆக்கியிருந்தார். வேறு எதையும் தொடவில்லை.

அக்கா பழையபடி மாற்றினார். "ஆதாரம் தரப்படவில்லை" என்று காரணம் எழுதினார். இது அவருக்குக் கைப்பழக்கம். மதியம் பார்த்தால் மறுபடியும் பதினெட்டு. மறுபடி மாற்றினார். மறுநாள் காலை திரும்பவும் பதினெட்டு. இப்படி மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருந்தால் இரண்டு பேரையுமே தடை செய்துவிடலாம் என்பது தளத்தின் விதி. கட்டுரையில் மல்லுக்கட்டக் கூடாது, அதன் பின்னால் இருக்கும் உரையாடல் பக்கத்தில் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். அன்று மதியம் அக்கா அங்கே போய் எழுதினார்.

"வணக்கம். நாளிதழ்ச் செய்தி பதினேழு என்கிறது. பதினெட்டு என்பதற்கு அச்சில் வந்த ஆதாரம் ஏதேனும் இருந்தால் இங்கே தெரிவியுங்கள். பேசி முடிவெடுக்கலாம்."

பத்து நிமிடத்தில் பதில் வந்தது.

"பதினெட்டாவது ஆள் என் அண்ணன். இது போதுமா?"

அக்கா கையிலிருந்த சாப்பாட்டு ஸ்பூனைக் கீழே வைத்தார். இந்த மாதிரி நேரத்தில் என்ன எழுத வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. இரண்டு முறை எழுதி அழித்துவிட்டு, "உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். ஆனால் சொந்த அனுபவத்தை ஆதாரமாக ஏற்க இங்கே வழியில்லை" என்று எழுதினார். எழுதி முடித்ததும் அவருக்கே தன் வார்த்தைகள் ஆஸ்பத்திரிக் கவுண்டரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் போல இருந்தன.

அதற்குப் பிறகு மரங்கொத்தி பொங்கிவிட்டார்.

"நீ யாரு இதைச் சொல்ல? அவன் பெயின்ட் அடிக்கிற வேலைக்கு அந்த ஊருக்கு வந்து ரெண்டே நாள்தான் ஆச்சு. அவன் வந்ததே யாருக்கும் தெரியாது. ரெண்டு வாரம் கழிச்சு, பேன்ட்டுல இருந்த பச்சை பெயின்ட்டைப் பார்த்துத்தான் எங்கம்மா அடையாளம் சொன்னாங்க. அதுக்கு எந்தப் புஸ்தகத்துல போய் மேற்கோள் வாங்கிட்டு வரட்டும்? நீ மனுஷனா, கல்லா?"

அதோடு நிற்கவில்லை. அக்கா எழுதிய வேறு பத்துக் கட்டுரைகளுக்குப் போய் ஒவ்வொன்றிலும் கெட்ட வார்த்தை எழுதி வைத்தார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அத்தனையையும் துடைத்தார். பிறகு நிர்வாகிகளிடம் முறையிட்டார்.

நிர்வாகிகளில் ஒருவருக்கு ஆமை என்று பெயர். அவரே வைத்துக்கொண்ட பெயர்தான். எதற்கும் அவசரப்படமாட்டார், யாருக்கும் பரிந்து பேசமாட்டார். நடந்ததை எல்லாம் படித்துவிட்டு மரங்கொத்திக்கு ஒரு வாரம் தடை விதித்தார். "கோபம் புரிகிறது. நடத்தையை ஏற்க முடியாது" என்று இரண்டே வரி.

சண்டையில் ஜெயித்தாயிற்று. ஆனால் அக்காவுக்கு அது ஜெயித்த மாதிரியே இல்லை. மறுநாள் லேபில் ஒரு சர்க்கரை அளவு சந்தேகமாக வந்தது. பயிற்சிக்கு வந்திருந்த பெண், "எழுதிக் கொடுத்திடவா அக்கா?" என்றாள். "திரும்ப ஒரு தடவை ஓட்டிப் பாரும்மா. முழுசா முடியாம எதையும் வெளியே விடக் கூடாது" என்றார் அக்கா. சொன்ன பிறகு அந்த வார்த்தை அவரையே குத்தியது. பாலத்தைப் பற்றி அவர் படித்தது மூன்றாம் நாள் செய்தி வரைக்கும்தான். நான்காம் நாள் என்ன வந்தது, ஐந்தாம் நாள் என்ன வந்தது என்று புரட்டிப் பார்க்கவே இல்லை. கிடைத்த எண்ணை எழுதிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

விடுமுறை நாளில் கணவர் சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருக்கும்போது அக்கா புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினார்.

"எங்கே?"

"லைப்ரரிக்கு."

"அந்தத் திட்டின ஆளுக்காகவா?"

"ஆமாங்க."

கணவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் சாவியை எடுத்துக்கொண்டு அவரே கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

பழைய இதழ்கள் நூலகத்தின் மாடியில் இருந்தன. ஒவ்வொரு மாதத்தையும் ஒரு தொகுதியாகத் தைத்திருந்தார்கள், ஒவ்வொன்றும் கல் மாதிரி கனத்தது. நூலகர் தூசி துடைக்க ஒரு துணியையும் கொடுத்தார். தூசியில் அக்காவுக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. நான்காம் நாள், அமைச்சர் பார்வையிட்ட படம். ஐந்தாம் நாள், விசாரணைக் குழு. ஆறாம் நாள் பாலம் முதல் பக்கத்திலிருந்து இறங்கிவிட்டது. ஏழாம் நாளும் எட்டாம் நாளும் ஒன்றுமே இல்லை. கண் பூத்துப்போனது, முதுகு ஒடிந்துவிடும்போல இருந்தது. மூடி வைத்துவிடலாம் என்று நினைத்தபடியேதான் அடுத்ததைப் புரட்டினார்.

ஒன்பதாம் நாள் இதழில், ஐந்தாம் பக்கத்தின் அடியில், வாடகை வீட்டு விளம்பரங்களுக்கு மேலே நான்கு வரி இருந்தது. ஆற்றின் கீழ்ப்புறத் தடுப்பணையில் இளைஞர் ஒருவரின் உடல் ஒதுங்கியது. கால்சட்டையில் பச்சை நிறப் பெயின்ட் கறை. நடைபால விபத்தில் இறந்தவராக இருக்கலாம் எனக் காவல்துறை கருதுகிறது. அடையாளம் தெரியவில்லை.

அக்கா அந்த நான்கு வரியை மூன்று முறை படித்தார். அழுகை வரவில்லை. இருபத்தாறு வருடமாக இந்த நான்கு வரி இங்கேயே கிடந்திருக்கிறது என்ற நினைப்பில் உடம்பு முழுக்க ஒரு சோர்வு இறங்கியது.

படமெடுத்து உரையாடல் பக்கத்தில் போட்டார். "இதை நான் ஒன்பது வருடத்துக்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். தவறு என்னுடையது" என்று எழுதினார். பிரச்சினை அங்கே தீரவில்லை. அங்கேதான் ஆரம்பித்தது.

சட்டாம்பிள்ளை என்று மற்றவர்கள் கேலி செய்யும் ஒருவர் அந்தத் தளத்தில் உண்டு. விதிகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் உடனே வந்துவிட்டார். "செய்தி 'இருக்கலாம்' என்றுதான் சொல்கிறது. பதினேழோடு ஒன்றைக் கூட்டிப் பதினெட்டு என்று நாமே எழுதினால் அது நம்முடைய ஆய்வு. தளத்தில் அதற்கு இடமில்லை."

அக்காவுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. போன மாதம் வேறொரு கட்டுரையில் இதே வாக்கியத்தை அக்காவேதான் எழுதியிருந்தார். பச்சைப் பெயின்ட்டைப் பற்றி மரங்கொத்தி முதலிலேயே சொன்னாரே என்று எழுதிப் பார்த்தார். "பயனரின் சொல்லும் செய்தியும் பொருந்துவதை இணைத்துப் பார்ப்பதும் ஆய்வுதான்" என்றார் சட்டாம்பிள்ளை. அதுவும் சரிதான். அதுதான் வயிற்றெரிச்சல். தெரிந்த உண்மையை எழுத முடியாமல் விதி கையைப் பிடித்துக்கொண்டது, அந்த விதியைக் காவல் காத்ததும் அவரேதான்.

மூன்று வாரம் இழுத்தது. இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். ஒருவர் பதினெட்டு என்றார், ஒருவர் பதினேழே இருக்கட்டும் என்றார், ஒருவர் சம்பந்தமில்லாமல் பாலத்தின் நீளம் தப்பு என்றார். தலையெண்ணி வாக்கெடுக்கலாமே என்று ஒருவர் கேட்டதற்கு ஆமை, "இங்கே எண்ணிக்கை முடிவு செய்வதில்லை, காரணம்தான் முடிவு செய்யும். அவசரமில்லை, பேசுங்கள்" என்றார். அக்கா தினமும் டீ ஆறிப்போகும்வரை பதில் எழுதினார். சில நாள் காலையில் கணினியைத் திறக்கவே கை வரவில்லை.

இதற்கிடையில் தடை முடிந்து மரங்கொத்தி வந்திருந்தார். நான்கு நாள் எதுவுமே எழுதவில்லை. ஐந்தாம் நாள் அந்தப் படத்துக்குக் கீழே ஒரு வரி மட்டும்.

"இதை எங்கம்மா பார்த்ததில்ல. போட்டதுக்கு நன்றி. அன்னைக்குப் பேசினதுக்கு மன்னிச்சிடுங்க."

கடைசியில் வழி சொன்னது சட்டாம்பிள்ளைதான். யாரும் எதிர்பார்க்கவில்லை. "கூட்ட வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். இரண்டு செய்தியையும் அதனதன் வாயாலேயே சொல்லிவிடுவோம்" என்றார். ஆளுக்கொரு சொல்லை வெட்டி ஒட்டி, இப்படி முடிந்தது: "விபத்தில் பதினேழு பேர் இறந்ததாக மூன்றாம் நாள் செய்தி தெரிவித்தது. பின்னர் தடுப்பணையில் கிடைத்த இளைஞர் ஒருவரின் உடலும் இவ்விபத்தில் இறந்தவருடையதாக இருக்கலாம் எனக் காவல்துறை கருதியதாக ஒன்பதாம் நாள் செய்தி கூறியது." கட்டுரையின் ஓரத்தில் இருந்த சுருக்க விவரப் பெட்டியில் "பதினேழு அல்லது பதினெட்டு" என்று போட்டார்கள்.

மரங்கொத்தி, "பேரு போட முடியாதா?" என்று கேட்டார்.

"அச்சில் பெயர் இல்லையே" என்று எழுதினார் அக்கா. அனுப்பப் பிடிக்காமலேயேதான் பொத்தானை அழுத்தினார். பிறகு இன்னொன்றையும் சேர்த்தார். "கட்டுரையில்தான் முடியாது. இந்த உரையாடல் பக்கத்தில் நீங்கள் எழுதலாம். யாரும் அழிக்கமாட்டார்கள்."

மரங்கொத்தி எழுதினார். பெயர், இருபத்துமூன்று வயது, சுவரில் தூரிகை பட்ட கோடே தெரியாமல் பெயின்ட் அடிப்பான், முதல் வாரக் கூலியில் தம்பிக்குச் செருப்பு வாங்கி வருவதாகச் சொல்லிப் போனான். அவ்வளவுதான். அடியில் சட்டாம்பிள்ளை ஒன்றும் எழுதவில்லை. ஆமை, "கருத்தொற்றுமை எட்டப்பட்டது" என்று குறித்து விவாதத்தை முடித்துவைத்தார். முடிந்த விவாதங்கள் எல்லாம் தளத்தின் பழைய சேமிப்பில் அப்படியே கிடக்கும். தேடிப் போகிறவர் கண்ணுக்கு மட்டும் படும்.

அன்று மாலை கணவர் கேட்டார், "என்னாச்சு உன் பஞ்சாயத்து?"

"முடிஞ்சிடுச்சு."

"யார் சொன்னது சரி?"

"எல்லாரும் சொன்னது சரிதாங்க. அதான் இவ்வளவு நாள் ஆச்சு."

அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, எழுந்துபோய் தைலத்தை எடுத்து வந்து அக்காவின் தோளில் தேய்த்துவிட்டார்.

அந்த வாரமே அக்கா தன் கவனிப்புப் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாக நீக்க ஆரம்பித்தார். இரண்டு மணி நேரம் பிடித்தது. ஆயிரத்துச் சொச்சம் நாற்பதாகக் குறைந்தது. மற்றதை யாராவது பார்த்துக்கொள்வார்கள், பார்க்காவிட்டால் போகட்டும் என்று முதன்முறையாகத் தோன்றியது. அப்படித் தோன்றியது நிம்மதியா, கை ஓய்ந்துபோனதா என்று அவரால் சொல்ல முடியவில்லை. கணினியை மூடிவிட்டு, மறுநாள் டியூட்டிக்கு வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட எழுந்து போனார்.