முனியப்பனுக்குப் போகாத செய்தி

நீலசந்திராவில் இருக்கும் சாந்தகுமாரி அடுகோடியில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறார். அவர் கணவர் முனியப்பன் கடற்படையில் இருந்தது தெருவுக்கே தெரியும். அணுசக்தியில் ஓடும் ஏவுகணை நீர்மூழ்கியில் இருந்தார் என்பது மட்டும் வீட்டோடு சரி.

அங்கே என்னதான் வேலை என்று முனியப்பனின் அப்பா வெங்கடசாமி ஒருமுறை கேட்டார். யாராவது நம் மேல் அணுகுண்டு போட்டால், கடலுக்கடியில் எங்கோ இருக்கும் இந்தக் கப்பல் திருப்பி அடிக்கும்; அந்தப் பயத்தில் எவனும் முதலில் கை வைக்க மாட்டான் என்றார் முனியப்பன்.

“அப்ப சுடவே மாட்டீங்களா?”

“சுடற நாள் வந்துட்டா நாங்க தோத்துட்டோம்னு அர்த்தம்பா. யார் கண்ணுலயும் படாம இருக்கறதுதான் வேலை.”

அப்படி அவர் கடலுக்குள் இருந்த ஒரு மார்ச் மாதம், வெங்கடசாமிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. இன்னும் இரண்டு மூன்று நாள்தான் என்றார் டாக்டர். சாந்தகுமாரி விசாகப்பட்டினத்தில் இருக்கும் கடற்படைத் தளத்துக்குப் போன் செய்தார். குடும்பநல அதிகாரி பொறுமையாகவே பேசினார். செய்தி அனுப்பலாம், கப்பலுக்குப் போய்ச் சேரும். ஆனால் பதில் வராது. பதில் சொன்னால் இருக்கும் இடம் தெரிந்துவிடும். இதற்காகக் கப்பல் கரைக்குத் திரும்பி வரவும் செய்யாது. அனுப்பட்டுமா என்று கேட்டார்.

தனியாக உட்கார்ந்து அழக்கூட இடமில்லாத அந்த இரும்புக்குள், இதைத் தெரிந்துகொண்டு அந்த மனுஷன் என்ன செய்வார் என்றுதான் சாந்தகுமாரிக்குத் தோன்றியது.

“வேணாம் சார். வந்ததும் நானே சொல்லிக்கிறேன்.”

முனி போன் பண்ணானா என்று மாமனார் கேட்டபோதெல்லாம், பண்ணினார், வந்துகொண்டிருக்கிறார் என்று சொன்னார். வெங்கடசாமி அதை நம்பியே இறந்தார். அவருடைய தம்பி மகன் மஞ்சுநாத் கொள்ளிச்சட்டி தூக்கினான். கல்பள்ளி மயானத்தில் அடக்கம் செய்தார்கள்.

நாற்பத்தேழு நாள் கழித்துக் கரையிலிருந்து முனியப்பன் கூப்பிட்டார். உற்சாகமான குரல். அப்பாவிடம் போனைக் கொடு என்றார். அப்போதுதான் சாந்தகுமாரி விஷயத்தைச் சொன்னார்.

ஊர் வந்தவர் நேரே கல்பள்ளிக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்தார். அதிகாரி கேட்டும் செய்தி அனுப்ப வேண்டாம் என்றது யார் என்று கேட்டார். தான்தான் என்றார் சாந்தகுமாரி.

“அன்னிக்கு நாங்க படம் போட்டுப் பாத்துச் சிரிச்சிட்டு இருந்திருப்போம், குமாரி. தெரிஞ்சிருந்தா ஒரு நாள் சாப்பிடாமயாவது இருந்திருப்பேன்.”

திட்டியிருந்தால் தேவலை என்று சாந்தகுமாரி இன்றும் சொல்கிறார்.

முனியப்பன் இப்போது ஓய்வுபெற்று, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஜெனரேட்டர் பார்க்கிறார். அப்பாவின் திதியன்று காலையிலிருந்து தண்ணீர்கூடத் தொடுவதில்லை. போன வருடம், நானும் சாப்பிடாமல் இருக்கட்டுமா என்று சாந்தகுமாரி கேட்டார்.

“உன் இஷ்டம்,” என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குக் கிளம்பினார்.