முந்நூறாவது கையெழுத்து

முப்பத்தொரு வருடம் வெல்டன் மாவட்டத்தின் மண்சாலைகளில் தபால் போட்ட பெண்மணி ஓபல் ஹின்ரிக்ஸ். எந்த வீட்டுக்கு எந்த நோய்க்கான மருந்து வருகிறது என்பதுகூட அவருக்குத் தெரியும். ஓய்வு பெற்றபின் அவருடைய பெட்டிக்கு வந்ததெல்லாம் மின்கட்டணச் சீட்டும் விதைக்கடை விளம்பரமும்தான்.

அந்த ஆண்டு தலைநகரில் ஒரு பேச்சு கிளம்பியது: மாநில அரசியல் சட்டத்தை இனிச் சட்டமன்றம் மட்டுமே திருத்த வேண்டும், மக்கள் கையெழுத்துத் திரட்டித் திருத்தும் வழியை அடைத்துவிட வேண்டும். இரண்டு வருடம் முன்பு அந்த வழியில்தான் ஏழைகளுக்கு மருத்துவ உதவி வந்தது. அதைத் தர மறுத்தவர்களே இப்போது கதவைச் சாத்தப் பார்த்தார்கள். ஓட்டுக் கேட்கும்போது விவரமானவர்களாக இருந்த மக்கள், சட்டத்தைத் திருத்த வந்ததும் விவரம் கெட்டவர்களாகிவிட்டார்கள்!

அந்த உரிமையைக் காக்க ஓர் எதிர்மனு கிளம்பியது. அது நவம்பர் வாக்குச்சீட்டில் வர மாவட்டத்துக்கு முந்நூறு கையெழுத்து வேண்டும். வெல்டனில் மனுத் தாள் செருகிய பலகையைத் தூக்கியவர் ஓபல் ஒருவர்தான். தீவனக் கடை வாசலில் பழகிய முகங்கள் பல திரும்பிக்கொண்டன.

"உனக்கு வேற வேலையே இல்லையா, ஓபல்?"

"இல்லையே, ஓய்வு பெத்தாச்சே. போடுறியா, மாட்டியா?"

தம்பி வெண்டல் மருத்துவ உதவி ஓட்டுக்குப் பிறகு வீட்டுப் பக்கமே வரவில்லை. "கண்டவனும் கை வைக்க அரசியல் சட்டம் என்ன ஏலத்துல நிக்கிற டிராக்டரா?" என்று கேட்டுவிட்டுப் போனவர்தான்.

கடைசி நாள். மாவட்ட அலுவலகத்தில் எழுத்தர் ஜோலீன் வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு எண்ணி முடித்தாள்.

"இருநூத்தித் தொண்ணூத்தொம்பது, அக்கா."

"என் பேரு?"

"எங்கேயும் இல்லையே."

ஊரார் கையெல்லாம் தேடியவர் தன் கையை மறந்திருந்தார். அவசரமாகப் பேனாவை எடுத்தார்.

"உங்க பலகையில நீங்களே போடக்கூடாதுக்கா. கையெழுத்து வாங்குறவங்க, போடுறத என் கண்ணால பாத்தேன்னு சத்தியம் பண்ணணும். வேற யாராச்சும் பலகையப் பிடிக்கட்டும். அலுவலகத்து ஆளு நான் பிடிக்க முடியாது. அஞ்சு மணிக்குள்ள வாங்க."

ஓபல் நான்கு பேருக்குப் போன் செய்தார். யாரும் எடுக்கவில்லை. மணி நாலேகால். சாலையைக் கடந்து தம்பியின் இரும்புக் கடைக்குள் நுழைந்தார்.

"என்ன வேணும்?" வாடிக்கையாளரிடம் கேட்பதுபோலக் கேட்டார் வெண்டல்.

"ஒரு சாட்சி."

"அந்த மனுவுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"உன்ன யாருடா போடச் சொன்னா? நான் போடுறதப் பாரு, போதும்."

"நவம்பர்ல எதிர்த்துத்தான் குத்துவேன்."

"தாராளமா குத்து. குத்துறதுக்கு அது சீட்டுல வரணுமில்ல?"

வெண்டல் கையிலிருந்த ஆணிகளைத் தட்டில் கொட்டினார். கதவில் தொங்கிய அட்டையை 'கடை மூடியிருக்கிறது' என்று திருப்பிவிட்டுப் பின்னால் வந்தார்.

மாவட்ட அலுவலகத்தில் அவர் பலகையைப் பிடிக்க, ஓபல் பெயரையும் விலாசத்தையும் எழுதினார். இருவரும் பிறந்த வீட்டின் விலாசம். வெண்டல் கண் எடுக்காமல் பார்த்தார். அங்கிருந்த நோட்டரி முன், பார்த்ததாகச் சத்தியம் செய்தார். ஜோலீன் முத்திரை குத்தினாள். முந்நூறு.

வெளியே காற்று பலமாக வீசியது.

"சூப் வச்சிருக்கேன், வெண்டல். ரெண்டு பேருக்குக் காணும்."

"கடை தெறந்து கெடக்கு," என்றார் வெண்டல்.

எதிரே கடைக் கதவில் 'கடை மூடியிருக்கிறது' அட்டை ஆடிக்கொண்டிருந்தது. ஓபல் அதைப் பார்த்தார். தன் காரை நோக்கி நடந்தார்.