தைலம் துடைத்த நெஞ்சு

போன வருடம் அடைமழைக் காலத்தில், திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் நடந்தது இது. நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். என் வேலைக்காகக் கிழக்கேகோட்டையில் குடியிருக்கிறோம். எனக்குத் தலை நரைத்த பிறகு உண்டான முதல் குழந்தை. நாள் நிறைவதற்கு முன்பே வலி கண்டு, ஆபரேஷன் செய்யவேண்டியதாயிற்று.

பெண் குழந்தை, எடை கொஞ்சம் குறைவு என்றார்கள். என் மனைவிக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை என்றும் சொன்னார்கள். அதன்பிறகு சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை.

எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளையைப் பழைய வேட்டியில்தான் சுற்றுவோம். கொழுந்தியாள் துவைத்து மடித்து வைத்திருந்ததை நீட்டினாள். பிள்ளையை ஏந்தி வந்த நர்ஸ் அதை வாங்காமல் என் பக்கம் திரும்பினார்.

"சேட்டா, ஷர்ட்டைக் கழட்டணும். அம்மை வர்றது வரைக்கும் குஞ்ஞு அச்சன் நெஞ்சில கிடக்கட்டே. அதுக்குச் சூடு வேணும்."

தாயின் மார்பில் பிள்ளையை ஒட்டிப் போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். தகப்பனிடமும் தருவார்கள் என்று தெரியாது.

சட்டையைக் கழற்றியதும் நர்ஸ் மூக்கைச் சுளித்தார். காலையிலிருந்து படபடப்பு தாங்காமல் நெஞ்சு முழுக்கத் தைலம் தேய்த்திருந்தேன்.

"அய்யோ, மருந்துக்கடையே இருக்கு! குஞ்ஞுக்குக் கண்ணு எரியும்."

வெந்நீரும் சோப்பும் வாங்கித் தோல் சிவக்கத் தேய்த்துக் கழுவினேன். அந்த நேரத்தில் என் கையில் இருந்த காரியம் அது ஒன்றுதான்.

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்ததும் பிள்ளையை என் மேல் கவிழ்த்துப் போட்டார். அவள் கால்கள் சில்லென்று இருந்தன. அப்போதுதான் அந்த வேட்டியை வாங்கி இருவரையும் சேர்த்துப் போர்த்தினார்.

"அத்தான், ஒங்க நெஞ்சு இடிக்க இடியில பிள்ள பயந்துரப் போகுது" என்றாள் கொழுந்தியாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"இடிக்கட்டே. அதைக் கேட்டுத்தான் உறங்கும்" என்றார் நர்ஸ்.

பிள்ளை பாலுக்காக வாயைத் திறந்து தேடினாள். கிடைக்காமல், என் தோலில் உதட்டை வைத்தபடியே தூங்கிப்போனாள். நான் ஆபரேஷன் தியேட்டர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் அம்மா வராமல் போய்விட்டால்? நினைப்பு அங்கே போகும்போதெல்லாம், பிள்ளையின் கால் சூடேறிவிட்டதா என்று தொட்டுப் பார்த்தேன். மெல்ல மெல்ல ஏறியிருந்தது.

ஒருவழியாகக் கதவு திறந்தது. ஸ்ட்ரெச்சரில் வெளிறிப்போய் வந்தாள் மனைவி. நர்ஸ் பிள்ளையை எடுத்து அவள் மார்பில் போட்டார். கண் திறந்து பிள்ளையைப் பார்த்தாள்; பிறகு என்னை.

"சட்டையப் போடுங்க. கோயிலுக்கா வந்திருக்கிய?"

அதைக் கேட்ட பிறகுதான் நான் அழுதேன்.

இங்கே பெரிய கோயிலுக்குள் ஆண்கள் சட்டையில்லாமல்தான் போகவேண்டும். இப்போதும் அந்த வாசலில் சட்டையைக் கழற்றும்போது அன்றைய நடுக்கம் திரும்ப வருகிறது. கூடவே, கதவைப் பார்த்துக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லாத அந்த நேரத்திலும் என் மகளுக்குக் கொடுக்க என் உடம்பில் கொஞ்சம் சூடு இருந்தது என்ற நிம்மதியும் வருகிறது.