ஃபெடரல் ஹைவேயில் ஹீட்டர் போட்ட காலை

2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, மலேசியாவில், கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் போகும் வழியில் ஃபெடரல் ஹைவேயில் நடந்தது இது. மணி விவரம்கூட என்னால் சொல்ல முடியும். எங்கே போனாலும் கிளம்பிய நேரம், நின்ற இடம், மழையா வெயிலா என்று ஒரு சின்ன நோட்டில் எழுதிவைப்பது என் பழக்கம். துறைமுகத்துக்குப் பக்கத்தில், சரக்குப் பத்திரங்கள் தயாரிக்கும் அலுவலகத்தில் பல வருடமாக வேலை. தேதி போடாமல் ஒரு காகிதத்தைத் தொட எனக்கு வராது.

என் அக்காள் கணவருக்கு, அதாவது அத்தானுக்கு, கிள்ளான் லிட்டில் இந்தியாவில் பூசைச் சாமான் கடை. நவம்பரில்தான் ஒரு வேன் வாங்கியிருந்தார். ஜப்பானில் சில வருடம் ஓடிவிட்டு இங்கே வந்து 'ரீகோண்ட்' என்று விற்கப்படும் டீசல் வேன். கண்ணாடி மாதிரி சுத்தம். ஒரே குறை, எந்தச் சுவிட்சைப் பார்த்தாலும் ஜப்பானிய எழுத்து. முன்பக்கச் சின்னப் பெட்டியறையில் கிடந்த தடிமனான கையேடும் அப்படியே.

எனக்கு இது பிடித்த வேலை. கைப்பேசியைப் பக்கத்தின் மேல் பிடித்தால் ஆங்கிலம் வந்துவிடுகிறது. அதைத் தமிழில் எழுதி, ஒவ்வொரு சுவிட்சுக்கும் சின்னச் சின்ன ஸ்டிக்கர் ஒட்டினேன். சாவியைத் திருப்பியதும் சுருள் கம்பி போன்ற ஒரு மஞ்சள் விளக்கு எரியும். எஞ்சினுக்குள் சூடேறும்வரை பொறுத்து, அது அணைந்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று கையேடு சொன்னது. குளிர் நாட்டுக்காரர்களுக்கு அது அரை நிமிடமோ என்னவோ. கிள்ளானில் கண் சிமிட்டும் நேரம்தான். ஆனாலும் ஒவ்வொரு முறையும், "அத்தான், வெளக்கு" என்று நினைவுபடுத்துவேன்.

"ஸ்டார்ட் பண்ணவா, இல்ல டோக்கியோவுல பனி விட்டுச்சான்னு கேட்டுட்டு வரவா?" என்பார் அவர்.

பனி, சக்கரத்துக்குச் சங்கிலி, உறைந்துபோன கதவு என்று படம் போட்டிருந்த ஒரு பகுதி கையேட்டின் பின்பாதியில் இருந்தது. ஹீட்டரைப் பற்றியும் அதில்தான். அந்தப் பக்கங்களை மட்டும் படிக்காமல் புரட்டிவிட்டேன். நம் ஊருக்கு எதற்கு என்றுதான்.

அன்று வேனில் இருந்தது நான்கு பெரியவர்கள், ஒரு குழந்தை. அத்தான் ஓட்ட, அக்காள் முன்னால். நடு வரிசையில் அக்காளின் மகளும் அவளுடைய ஏழு மாதப் பெண் குழந்தையும். எனக்குப் பின் வரிசை. மகளுக்கு பிரிக்பீல்ட்ஸில் வீடு. கணவன் வேலை விஷயமாக ஜொகூர் போயிருந்ததால் ஒரு வாரம் எங்களோடு இருந்துவிட்டுத் திரும்புகிறாள். கார்த்திகை விளக்கு நெருங்கிவிட்டதால், அங்கே இருக்கும் ஒரு கடைக்குக் கொடுக்கச் சாமானும் ஏற்றியிருந்தோம். அகல் விளக்கு, திரி, சூடம்.

ஏற்றி அடுக்கியது நான். எதை எங்கே வைத்தால் ஆடாது என்று பார்த்துப் பார்த்து வைப்பேன். சூடம் இருந்த அட்டைப்பெட்டிகள், நடு இருக்கைக்கு அடியில் அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தின. அங்கே தரையோடு ஒட்டி, சல்லடை வாய் வைத்த ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அதற்கு முட்டுக்கொடுத்து வைத்தால் பிரேக் போட்டாலும் நகராது என்று நானே அத்தானிடம் பெருமையாகக் காட்டினேன்.

8.10க்குக் கிளம்பினோம். பத்து தீகா என்ற இடம் வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. முன்னால் எங்கேயோ விபத்து, வாகனங்கள் ஊர்ந்தன. குழந்தைக்கு இரண்டு நாளாகச் சளி. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்ததால் தாய்க்காரி ஸ்வெட்டர், குல்லா, காலுறை எல்லாம் போட்டு, கம்பளியும் சுற்றி, பின்பக்கம் பார்த்திருக்கும் குழந்தை இருக்கையில் கட்டியிருந்தாள்.

"ப்பா, ஏர்கோன் நேரா இவ தலைமேல விழுது. அடைங்கப்பா."

அத்தான் அடைத்தார். ஐந்து நிமிடத்தில் முன்கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. அக்காள் துண்டால் துடைத்துப் பார்த்தாள். முன்னால் நின்ற லோரியின் சிவப்பு விளக்குகூடத் தெரியவில்லை. மறுபடி ஏர்கோன். மறுபடி மகளின் முனகல்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. "பின்னால ஹீட்டர் தனியா இருக்கு. மேல ஏர்கோன் ஓடட்டும், கீழ கொஞ்சம் சூடு வந்தா பாப்பாவுக்கு எதமா இருக்கும்." நடு வரிசைச் சுவரில் இருந்த, நானே 'பின் ஹீட்டர்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய அந்தச் சுவிட்சை எட்டி அழுத்தினேன்.

"கேஎல்-லே ஹீட்டர் போட்ட மொத குடும்பம் நாமதான் லா" என்று அத்தான் சிரித்தார்.

அந்தக் கறுப்புப் பெட்டிதான் ஹீட்டர் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. எங்கிருந்தோ வெதுவெதுப்பு வந்தது. போதும் என்று இருந்துவிட்டேன். அப்போது மணி 8.55.

கொஞ்ச நேரத்தில் வேன் முழுக்கச் சூட வாசனை. எங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று தமிழர் வீட்டில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அக்காள் கண்ணை மூடிக் கைகூப்பினாள். "கோயிலுக்குள்ள ஒக்காந்த மாதிரி இருக்கு" என்றாள். எனக்கும் மனம் இளகியது. கண்ணில் லேசாக நீர் வந்தது. மழை, சூட வாசனை, பக்கத்தில் குழந்தை என்று எதையெல்லாமோ நினைத்து அதையும் நல்லதாகவே எடுத்துக்கொண்டேன். வேறு எந்த வாசனையாவது இப்படி ஏறியிருந்தால் ஐந்தே நிமிடத்தில் ஜன்னலைத் திறந்திருப்போம்.

குழந்தை முதலில் கொஞ்சம் நெளிந்தது. பிறகு தூங்கிவிட்டது. இரண்டு இரவாக மூக்கடைப்பில் தூங்காத குழந்தை. எங்களுக்கு அவ்வளவு நிம்மதி. ரேடியோவை நிறுத்தினோம். பேச்சைக் குறைத்தோம். ஹார்ன் அடித்த காரைப் பார்த்து அத்தான் முறைத்தார்.

ஒன்பதரைக்கு மேல் எனக்குத் தலை கனத்தது.

"சித்தி, எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. வாந்தி வர்ற மாதிரி" என்றாள் மகள்.

"பசிதான். ரெண்டு ரொட்டியோட எந்திரிச்சிட்ட."

"இல்ல சித்தி. கண்ணெல்லாம் எரியுது."

அத்தான் சுபாங் பக்கம் பெட்ரோல் போடும் ஒரு எண்ணெய் நிலையத்தில் வேனை ஒதுக்கினார். அங்கே கூரைக்கடியில் மோட்டார் சைக்கிள்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். மகள் சறுக்குக் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வாந்தி எடுக்க ஓடினாள்.

கதவுக்கு நேராக நின்றது ஒரு மலாய்ப் பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. மழைக்கோட்டு, முதுகுக்குப் பின்னால் சாப்பாட்டுப் பெட்டி வைத்த மோட்டார் சைக்கிள். வேனிலிருந்து வந்த காற்று முகத்தில் பட்டதும் அவள் தலையைச் சுற்றியிருந்த துடுங்குத் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரடி பின்னால் போனாள்.

"ஆன்டி, பாவ் அப்பா நி?" என்ன வாசனை இது என்று கேட்டாள்.

சாமிக்கு ஏற்றுவது என்று நான் சிரித்துக்கொண்டே மலாயில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அவள் பார்வை குழந்தை இருக்கைக்குப் போய்விட்டது. கேட்காமலே கையை நீட்டிக் குழந்தையின் கழுத்துக்கடியில் வைத்தாள். மழையில் நனைந்த கை, எவ்வளவு சில்லென்று இருந்திருக்கும். குழந்தை அசையவில்லை.

"இது சாதாரணத் தூக்கம் இல்லை, ஆன்டி. உடம்பு கொதிக்குது."

குல்லாவை உருவினாள். குழந்தையின் தலைமுடி ஒட்டிக் கிடந்தது. முகம் சிவந்திருந்தது. ஆனால் நெற்றியில் வியர்வை இல்லை. நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், கன்னத்தைத் தட்டினேன். இமை பாதி திறந்து மறுபடி மூடிக்கொண்டது. இருக்கையின் பட்டையைக் கழற்றத் தெரியாமல் தடுமாறினேன். அந்தப் பெண்தான் பொத்தானை அழுத்தி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு காற்றோட்டமான இடத்துக்குப் போனாள். ஸ்வெட்டர், காலுறை எல்லாவற்றையும் கழற்றினாள். தன் கைத்துண்டைத் தண்ணீரில் நனைத்து அக்குளையும் கழுத்தையும் துடைத்தாள். மகள் அதற்குள் ஓடிவந்து, "என்னாச்சு, என்னாச்சு" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவள் கோபப்படவில்லை. "தாய் குரல் கேட்கட்டும், பேசுங்கள்" என்று மட்டும் சொன்னாள்.

மகள் பேசினாள். என்ன பேசினாள் என்று அவளுக்கே தெரியாது. அத்தான் ஈரத்தரையில் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

எவ்வளவு நேரம் என்று என் நோட்டில் இல்லை. பிறகுதான் குழந்தை வாயைக் கோணி, ஒரு முறை இருமி, அழுதது. முதலில் பூனைக்குட்டி போல. அப்புறம் பலமாக, எண்ணெய் நிலையம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. அக்காள் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இனி நிற்க வேண்டாம், மருத்துவமனைக்குப் போங்கள். கண்ணாடியைத் திறந்துவிட்டுப் போங்கள்" என்றாள் அந்தப் பெண். அத்தானும் அங்கே நின்ற இன்னொருவரும் சூடப் பெட்டிகளை இறக்கினார்கள். அடியிலிருந்த பெட்டியைத் தொட்டதும் அத்தான் கையை உதறினார். அட்டை அவ்வளவு சூடு. உள்ளே இருந்த கட்டிகள் ஓரம் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அந்தச் சல்லடை வாய் நேராக அவற்றின் மேல் ஊதிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அடுக்கியதும் நான். அழுத்தியதும் நான்.

மருத்துவமனையில் குழந்தையைச் சில மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். ஒரு இளம் டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கைக்குழந்தைக்குச் சூடு மிஞ்சினால் எப்போதும் அழும் என்று எதிர்பார்க்கக்கூடாது. சோர்ந்து தூங்குவது போலவும் கிடக்கும் என்றார். பெரியவர்களுக்கே தலைவலி தரும் சூட ஆவி, அந்தச் சின்ன உடம்புக்கு இன்னும் மோசம். நல்லவேளை, சீக்கிரம் வெளியே எடுத்துவிட்டீர்கள் என்றார். எடுத்தது நாங்கள் இல்லை.

பிற்பகல் இரண்டு மணிக்குக் குழந்தை பால் குடித்தது. சுரம் இறங்கியது. மகள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சதா கிண்டல் பேசும் அத்தானும் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் "வீட்டுக்குப் போகலாம்" என்று சொன்ன பிறகுதான் அத்தான் என் பக்கம் திரும்பினார்.

"இனிமே பொஸ்தகம் படிச்சா கடைசிப் பக்கம் வரைக்கும் படி. இல்லாட்டி ஸ்டிக்கர் ஒட்டாத."

அவர் குரல் பழையபடி வந்துவிட்டது. நான் அழுதேன். என்னைச் சமாதானப்படுத்தியது, காலையில் வாந்தி எடுத்த அந்தத் தாய்க்காரிதான்.

அன்று மாலையே அந்தப் பக்கங்களைப் படித்தேன். ஹீட்டர் வாய்க்கு முன்னால் எதையும் வைக்காதே. எளிதில் தீப்பிடிப்பதையும் ஆவியாவதையும் வண்டியிலேயே வைக்காதே. குழந்தை, முதியவர், தூங்குபவர் பக்கம் சூட்டை நீண்ட நேரம் திருப்பாதே. இடையிடையே வெளிக்காற்றை உள்ளே விடு. வண்டியை நிறுத்திவிட்டு எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டரில் தூங்காதே, புகை உள்ளே வரும். எல்லாம் இருந்தது.

மறுவாரம் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். "இங்க எல்லாரும் ஹீட்டர் பைப்ப அடைச்சிருவாங்க பாஸ், அடைச்சிரவா?" என்று கேட்டார் மெக்கானிக். அத்தான் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்றேன். அடுத்த ஜூன் மாதம் கேமரன் மலைக்குப் போனபோது, விடியற்காலைக் குளிரில் அதை மறுபடி போட்டோம். இருக்கைக்கு அடியில் ஒரு செருப்புகூட இல்லை. ஜன்னல் இரண்டு விரல் அளவு திறந்திருந்தது. குழந்தைக்கு ஒரே சட்டை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தோம். நாலாவது முறை அவள் என் விரலைக் கடித்துவிட்டாள்.

அந்தப் பெண்ணை மறுபடி பார்க்கவில்லை. நாங்கள் கிளம்பும்போது அவள் ஏற்கெனவே மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். யாரோ ஒருவரின் சாப்பாடு அவள் பெட்டியில் ஆறிப்போயிருக்கும். அதற்கு அவள் திட்டும் வாங்கியிருப்பாள்.

குழந்தைக்கு இப்போது நடை வந்துவிட்டது. வேனில் ஏறினால் பட்டை மாட்டும்போதே கத்த ஆரம்பித்துவிடுவாள். சில நாள் கிள்ளானில் தொடங்கினால் பிரிக்பீல்ட்ஸ் வரை நிறுத்தமாட்டாள். எங்கள் யாருக்கும் அவளை அடக்கத் தோன்றுவதில்லை. அவள் அமைதியாகிவிட்டால்தான் நாங்கள் நான்கு பேரும் ஒரே நேரத்தில் அவளைத் திரும்பிப் பார்க்கிறோம்.