மாசி மாதத்துக் கோணல் வட்டங்கள்

மனைவியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து வெளிநாடு திரும்பிய மகள், போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அம்மாவுக்கு எப்பப்பா கை நடுங்க ஆரம்பிச்சுச்சு?"

"ஆடியிலம்மா" என்றேன். மதுரை டாக்டரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். மூளைக் கட்டியை முன்னமே கண்டிருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று அவர் சொன்னது எங்கள் இருவருக்கும் தெரியும்.

மகள் தூரத்து நட்சத்திரங்களின் சுடர்வெடிப்புகளை ஆராய்கிறாள். எவ்வளவு பெரிய கருவியில் பார்த்தாலும் நட்சத்திரம் ஒரு புள்ளிதான். ஒளி சட்டென்று ஏறி மெல்ல இறங்குவது தெரியும். எந்த இடம் வெடித்தது என்று தெரியாது. சூரியனிலோ கரும்புள்ளியும் தெரியும், அங்கே எழும் வெடிப்பும் தெரியும். அதனால் சூரியனின் மொத்த ஒளியையும் ஒரே புள்ளியாகச் சுருக்கி, அதன் ஏற்ற இறக்கத்தைக் கண்ணால் கண்ட வெடிப்போடு பொருத்திப் பார்த்துவிட்டு, பிறகு நட்சத்திரத்துக்குப் போகிறார்கள். அவள் இதைச் சொன்ன பிறகுதான் போடி வீட்டு மொட்டைமாடியில் சிறிய தொலைநோக்கி ஒன்றை வைத்தேன். அவளிடம் செயற்கைக்கோள் படங்கள் உண்டு. ஆனாலும் நாங்கள் வரையும் படங்களை மாதாமாதம் கேட்டு வாங்குவாள்.

தொலைநோக்கியைச் சூரியனோடு நகர்த்துவது என் வேலை. அட்டையில் விரித்துவைத்த நோட்டுப் பக்கத்தில் விழும் பிம்பத்தைச் சுற்றி வட்டம் போட்டு, புள்ளிகளைக் குறிப்பது மனைவி.

"மூஞ்சி பூரா மரு. இதுக்குப் போயி தெனமும் படம் போடச் சொல்றீக. என்னைய ஒரு நா போட்டிருக்கீகளா?"

"நீ அசையாம நிப்பியா?"

"சூரியன் மட்டும் நிக்குதாக்கும்!"

போனை வைத்ததும் 2024ஆம் ஆண்டு நோட்டை எடுத்தேன். வட்டத்தின் கோடு நெளிந்திருந்தால் ஓரத்தில் காரணம் எழுதுவது என் வழக்கம். ஆடி முழுக்க "காற்று". கணவாய்க் காற்று அட்டையையே பிடுங்கும் மாதம் அது. ஆனியிலும் அதே சொல். சித்திரையில் இரண்டு நாள். மாசியில் ஐந்து நாள்.

மாசியில் இங்கே இலை அசையாது. மனைவியே அன்று நோட்டை எட்டிப் பார்த்துச் சிரித்தாள்: "காத்தா? இங்கன ஏதுங்க காத்து?" நான் தலை நிமிரவில்லை. அடுத்து, படம் போட்ட நேரத்தை எழுதிக்கொண்டிருந்தேன்.

மகளைத் திரும்ப அழைத்தேன். "ஆடி இல்லம்மா. மாசி."

"உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"எழுதி வச்சிருக்கேன். பாக்கலம்மா."

"அந்தப் பக்கத்த அனுப்புங்கப்பா."

எதையும் அடிக்காமல், திருத்தாமல், ஐந்து பக்கங்களையும் படமெடுத்து அனுப்பினேன். அவள் பார்த்துவிட்டதாக நீலக் குறி வந்தது.